ஆமையோடு பெண் பார்க்கப் போனேன்

ஆமையை நான் முதலில் எடுக்கவில்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வெட்கக்கேடு அங்கேதான் தொடங்குகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. தொழிற்சாலைகளில் ஓவர்டைம் நின்றுபோயிருந்த சமயம். நான் டத்தோ கிராமாட்டில் அம்மாவோடு இருந்தேன். பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. வயது முப்பத்தொன்று. என் வயதுக்காரர்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தார்கள். நான் கொம்தார் கடைக்கட்டடத்தில் ஒரு சின்னக் கடையில், சாம்பல் நிறத்தில் செங்கல்லைப் போலிருந்த ஒரு கைவிளையாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா பிள்ளைகளுக்கு என்று கடைக்காரனிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

ஆட்டம் இதுதான். விநோதமான பிராணிகளைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களுடைய பிராணிகளோடு மோதவிட வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, ஒன்றும் புரியாது. தொடங்கியதும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு கிழவர் மேசைமேல் மூன்று பிராணிகளை வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்பார். நெருப்புக் கக்கும் பல்லி, தண்ணீர் பீய்ச்சும் தவளை, முதுகில் இலை முளைத்த ஆமை. எதை எடுக்கிறோமோ அதுதான் கடைசிவரை நம்மோடு வரும் துணை.

நான் பல்லியை எடுத்தேன். பல்லி சொல்லுக்கு அம்மா கொடுக்கும் மரியாதையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிளம்பும் நேரத்தில் சுவரில் பல்லி கத்தினால், எந்தத் திசை என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அம்மா செருப்பை மாட்டுவார். அப்பேர்ப்பட்ட பல்லி, நெருப்பு வேறு கக்குகிறது, இதைவிடப் பலசாலி எது இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். முதல் ஊரைத் தாண்டியதும் ஒரு கல்லுக்காரன் வழியை மறித்தான். அவனிடம் இருந்ததெல்லாம் பாறைப் பிராணிகள். பாறையை நெருப்பு என்ன செய்யும்? ஒரு வாரம் தோற்றேன். பிறகு ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்துத் தவளையை எடுத்தேன். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் இடம். புதிதாக ஆரம்பித்துச் சேமித்தால் பழையது போய்விடும். பல்லி போயிற்று.

தவளை கல்லுக்காரனை அடித்துத் தள்ளியது. அடுத்து ஒரு மின்னல்காரி வந்தாள். தண்ணீரில் மின்னல் பட்டால் என்ன ஆகும் என்று மின்னணு வேலை பார்க்கும் எனக்கே தோன்றவில்லை. தவளை அவளிடம் செத்துச் செத்து விழுந்தது. என் கூட வேலை செய்த மலாய்க்காரப் பையன் ஒருவன் தொழிற்சாலை பஸ்ஸில் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "கூரா-கூரா எடுங்க அண்ணே, அதான் செனாங்," என்றான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஆமையை எடுத்தால் சுலபமாம். அன்றைக்கே தவளையை அழித்துவிட்டு ஆமையை எடுத்தேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் உடனே விசையை அணைத்துவிடும் பழக்கம் ஒன்று என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அணைத்துத் திரும்பப் போட்டால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கும். தோல்வி நடக்காத மாதிரியே இருக்கும். என் ஆமை தோற்றதே கிடையாது என்று பஸ்ஸில் பெருமை அடித்துக்கொண்டேன்.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் வெட்கம் என்று கேட்கலாம். நான் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தேன். பள்ளியின் கடைசிப் படிப்பான ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டேன். மெக்கானிக் படிப்பில் சேர்ந்து அதையும் விட்டேன். கார் ஓட்டும் லைசென்ஸுக்கு ஒரு தடவை தோற்றவன் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று கறுத்துப் போயிருந்தது. பல் டாக்டரின் நாற்காலிவரை போய், அந்த ஊசியைப் பார்த்ததும் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அந்த நாளை வரவே இல்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வேன். அடக்கமான பையன் என்று அதற்கும் ஒரு நல்ல பேர்.

இந்த லட்சணத்தில்தான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தரகர் வந்தார். அரசாங்கத்தில் பல் நர்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற வேலை என்றார். பல் என்ற சொல்லைக் கேட்டதுமே கையால் வாயை மூடிக்கொண்டேன். பெண் வீட்டார் இன்னும் இரண்டு மாப்பிள்ளைகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், ஒருவர் ஈப்போவில் அக்கவுண்டன்ட், இன்னொருவர் கோலாலம்பூரில் பேங்க் ஆபீசர் என்றும் சொன்னார். அம்மா விடவில்லை.

"எம்மவனுக்கு என்ன கொறச்சல்? இஞ்சினியர்னு சொல்லுங்க," என்றார்.

"டெக்னீஷியன்மா," என்றேன்.

"ரெண்டும் ஒரே பெக்டரிதானே? ஒரே கேன்டீன்லதானே சாப்பிடுறீங்க? நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். எனக்கு நன்றாகக் கைவந்த வேலை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்காரரின் காரோடு, நாங்கள் இருந்த தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பெர்ரியில் ஏறினோம். அத்தானும் அம்மாவும் முன்னால், அக்காவும் நானும் பின்னால். எனக்குப் பதற்றம். மூன்று மாப்பிள்ளைகளில் நான் எத்தனையாவது என்று எனக்குத் தெரியும், சொல்லவும் வேண்டுமா? பதற்றத்தைக் குறைக்கப் பெட்டியை எடுத்து விளையாட ஆரம்பித்தேன். ஆமையோடு ஒரு நெருப்புக்காரக் கிழவனிடம் மாட்டியிருந்தேன். இலைக்கு நெருப்பு எமன். ஆனாலும் அன்றைக்கு என்னவோ அதிர்ஷ்டம், கிழவனிடம் இன்னும் ஒரே ஒரு பிராணிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பெர்ரி கரையை முட்டியது, அம்மா திரும்பினார்.

"பொண்ணு பாக்கப் போறப்பவும் இந்த எழவுதானா? அத உள்ள வையி."

சண்டை நடுவில் சேமிக்க முடியாது. அணைத்தால் அவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீண். அதனால் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, பெண் வீட்டுக்கு வாங்கியிருந்த ஆரஞ்சுப் பழங்கள் இருந்த துணிப்பையில் பெட்டியைச் செருகினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும், ஒரு பழம் உரசினாலே திரும்பிவிடும். அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

பெண் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அதிகம் பேசாதவர், அம்மா கண்ணாலேயே அளப்பவர். எல்லோரும் உட்கார்ந்ததும் அக்கா தட்டை வாங்கி வெற்றிலை பாக்கு, பூ, பழம் என்று அடுக்கத் தொடங்கினார். பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு ஆரஞ்சாக எடுத்துவைத்தார். நான்காவதோ ஐந்தாவதோ எடுத்தபோது பைக்குள்ளிருந்து டிங்கு டிங்கு டிங்கு என்று சண்டைப் பாட்டு கிளம்பியது.

அக்கா பயந்துபோய் அதை வெளியே எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் தட்டிலேயே, வெற்றிலைக்கும் பழத்துக்கும் நடுவில் வைத்துவிட்டார். சாமி விளக்கின் வெளிச்சத்தில் என் ஆமை அங்கே உட்கார்ந்திருந்தது, பாட்டு நின்றபாடில்லை.

"என்னங்க அது?" என்றார் பெண்ணின் அம்மா.

"பெக்டரி சாமான்," என்றார் என் அம்மா, கண்ணை இமைக்காமல். "இஞ்சினியர் பாருங்க, ஞாயித்துக்கெழமையும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் குடுத்து விட்டுர்றாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அம்மா மறைத்த பூசணிக்காய் பாடிக்கொண்டே இருந்தது. என் மானம் கப்பலேறிப் போயிற்று. நான் கையை நீட்டிச் சக்கரத்தைத் திருப்பிச் சத்தத்தை அடக்கினேன். நிமிர்ந்தபோது தேத்தண்ணீர்த் தட்டோடு அந்தப் பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உதட்டை அழுத்தமாக மூடியிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது குருடனுக்கும் தெரியும். அந்தக் கணத்தில் நான் இரண்டு விஷயத்தை ஒன்றாக உணர்ந்தேன். இந்தப் பெண் என்னைச் சரி என்று சொல்ல வேண்டும், சொல்ல மாட்டாள்.

தேத்தண்ணீர் குடித்து, கேசரி சாப்பிட்டு முடித்ததும், பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் அத்தான். பின்பக்கம், துணி துவைக்கும் மெஷின் இருந்த இடத்தில் நின்றோம். சமையலறை ஜன்னலில் அவளுடைய அம்மாவின் தலை தெரிந்தது. அவள் தட்டிலிருந்த பெட்டியையும் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

"டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, தைரியம் இல்லை. "அது கேம்," என்றேன்.

"தெரியும். எங்கிட்டயும் இருக்கு."

நான் நம்பாமல் பார்த்தேன். "பிள்ளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க லா. இதப் பத்திப் பேசினா தொறப்பாங்க. அதுக்குன்னு வாங்கினேன், அப்புறம் என்னால விட முடியல," என்றாள். பிறகு கேட்டாள், "மொதல்ல எத எடுத்தீங்க?"

"ஆமை."

"மொதல்லயேவா?"

அங்கே ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையிடம் இனிப்புத் தின்றாயா என்று கேட்கிற பார்வை அது. "மொதல்ல பல்லி," என்றேன். "அப்புறம் தவள. அப்புறம்தான் ஆம."

"பல்லி என்ன ஆச்சு?"

"அழிஞ்சிருச்சு."

"தவள?"

"அதுவும்தான்."

துவைக்கும் மெஷினின் மூடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது மடல் சூடாகியது.

"நான் பல்லிதான்," என்றாள். "இன்னும் அதேதான். கல்லுக்காரன்கிட்ட ரெண்டு மாசம் தோத்தேன்."

"அப்புறம் எப்படி ஜெயிச்சீங்க?"

"வளத்தேன். புல்லுக்குள்ளயே சுத்திச் சுத்தி, சின்னச் சின்னதோட சண்ட போட்டு, வளத்து வளத்துப் போனேன். வேற வழி? எடுத்தாச்சு, வளக்க வேண்டியதுதான். திரும்ப மொதல்லேருந்து தொடங்கறது எனக்குப் பிடிக்காது."

"பல்லி கஷ்டம்னு தெரியாம எடுத்துட்டீங்களா?"

"தெரியுமே. பல்லு புடுங்க வந்த ஒரு பிள்ள சொல்லுச்சு, பல்லி வேணாம் மிஸி, அது வீக்குன்னு. எனக்குப் பாவமா இருந்துச்சு. எல்லாரும் விட்டுட்டா அத யாரு எடுப்பா?"

இதைச் சொல்லிவிட்டுப் பெட்டியின் திரையைப் பார்த்தாள். ஆமையின் உயிர்க்கோடு கடைசி நூலில் நின்றுகொண்டிருந்தது. "தோக்கப் போறீங்க," என்றாள். என் கை தானாக விசையின் பக்கம் போயிற்று. பழக்கதோஷம். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஆஃப் பண்ணாதீங்க. தோத்துட்டுப் போங்க."

அவள் கையிலிருந்த பெட்டியில் நான் பொத்தானை அழுத்தினேன். ஆமை இலையை வீசியது. கிழவனின் பிராணி நெருப்பைத் துப்பியது. அவ்வளவுதான், முடிந்தது. முப்பத்தொரு வயதில், புதுச் சட்டையோடு, பெண் பார்க்க வந்த வீட்டின் பின்கட்டில், என் ஆமை முதன்முதலாகத் தோற்றது. நாணிக் கோணி நிற்கவேண்டியவள் நிமிர்ந்து நின்றாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சினியர்னு சொன்னாங்க," என்றாள்.

"டெக்னீஷியன்."

"சரி. அந்தப் பல்ல எப்பக் காட்டப் போறீங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "ஆமைய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிற பழமொழி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பெர்ரியில் திரும்பும்போது அம்மா, கேசரியில் நெய் போதாது என்பதில் தொடங்கி, கூரை ஒழுகிய கறைவரை குறை சொல்லிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடும் முன்னேற்பாடு அது. அந்தப் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. நான் பெட்டியைத் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தரகர் வந்தார். பெண் வீட்டில் சம்மதம் என்றார். அக்கவுண்டன்டையும் பேங்க் ஆபீசரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா உடனே சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினார், பிறகு பக்கத்து வீடு, எதிர்வீடு, கடை என்று கிளம்பிவிட்டார். "ரெண்டு பெரிய எடத்தத் தள்ளிட்டு எம்மவனத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னுருக்கா," என்று அவர் சொல்வது வாசல்வரை கேட்டது.

நான் மட்டும் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் விட்டுவிட்டால் அதை யார் எடுப்பார்கள் என்று அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மேசைமேல் மூன்று பேர். ஒருவர் அக்கவுண்டன்ட், ஒருவர் பேங்க் ஆபீசர், மூன்றாமவன் கறுத்த பல்லோடு பொய் இஞ்சினியர். அவள் எதை எடுப்பாள் என்பதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாளே. ஊருக்கெல்லாம் நான் ஜெயித்தவன். நான் எதனால் ஜெயித்தேன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக் கூனிக் குறுகினேன்.

கல்யாணத்துக்குள் கொஞ்சமாவது தேறிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. பல் டாக்டரிடம் போனேன், இந்தத் தடவை எழுந்து ஓடவில்லை. டாக்டர் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று பிடுங்கிவிட்டு, பிறகு ஒரு பொய்ப்பல் வைத்தார். அடுத்தது பல்லி. அவளைப் போல நானும் பல்லியை எடுத்து, வளர்த்து, கல்லுக்காரனை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பல்லியை எடுக்க வேண்டுமென்றால் ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆமையை அழிக்க வேண்டும். விட்டுவிட்டு ஓடுகிறவன் இல்லை என்று காட்டுவதற்கு இன்னொரு தடவை விட்டுவிட்டு ஓட வேண்டும். யாரோ என் மண்டையில் குட்டிய மாதிரி இருந்தது. அந்த ஆமையோடேயே நெருப்புக்காரக் கிழவனிடம் தோற்றுக்கொண்டிருந்தேன், அணைக்காமல்.

கல்யாணம் நடந்தது. அவள் வேலையை அக்கரையில் பெர்ரி நிற்கும் பட்டர்வொர்த்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, தினமும் பெர்ரியில் போய்வந்தாள். என் பெட்டியும் அவள் பெட்டியும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் என்னை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் எனக்காகச் சோற்றை ஆறவைத்து எடுத்துவைத்தாலும், சட்டைக்குப் பொத்தான் தைத்தாலும், பல்லியைப் புல்லுக்குள் வளர்த்தது மாதிரி என்னை வளர்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நன்றி என்று சொல்வதற்குப் பதில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். லைசென்ஸுக்குப் படித்தால் என்ன என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு, "என்னைத் தேத்தப் பாக்கறியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். அவள் எதைக் கேட்டாள், நான் எதற்குப் பதில் சொன்னேன் என்று அவளுக்கு எப்படிப் புரியும்?

தலைத் தீபாவளிக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே முன்வாசலில் இருந்தாள். மாமியார் இட்லியையும் கோழிக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தார்.

"பசியாறுங்க மாப்பிள," என்றவர், எதிரே உட்கார்ந்துகொண்டார். முதல் நாளே கவனித்திருப்பார் போலிருக்கிறது, நான் அவர் மகளிடம் விட்டேற்றியாகப் பேசுவதை. அளக்கிற கண் அல்லவா?

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றார். "நான் ஒங்கள வேணாம்னுதான் சொன்னேன். எனக்கு அந்த ஈப்போ பையன் மேலதான் மனசு. இவளும் ஒண்ணும் சொல்லல. சரி, சாமிகிட்டயே கேட்டுருவோம்னு பூ கட்டிப் போட்டேன்."

எங்கள் வீட்டிலும் அது வழக்கம்தான். முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கு, வேறு வேறு நிறப் பூக்களை வெற்றிலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் கலந்து போட்டு ஒன்றை எடுப்பார்கள். எது வருகிறதோ அது சாமி வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. அம்மா வீடு மாற்றுவதைக்கூட அப்படித்தான் முடிவு செய்தார்.

"செவப்பு ஈப்போ, வெள்ள பேங்க், மஞ்ச நீங்க," என்றார் மாமியார். "நீயே எடுன்னு சொன்னேன். எடுத்தா. செவப்பு. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். அவ என்னா பண்ணா தெரியுமா? திரும்ப வெத்தலைய மடிச்சிக் கட்டி, கலக்கிப் போட்டு, இன்னொரு தடவன்றா. ரெண்டாவதும் மஞ்ச வரல. வெள்ள. அடியே, சாமிகிட்ட வெளயாடாதடின்னேன். கேக்கல. இன்னொரு தடவன்னு போட்டா. மஞ்ச வந்துச்சு. வந்த ஒடனே அந்த மஞ்ச செவ்வந்தியப் பிரிச்சுத் தலையில வச்சுக்கிட்டா, நான் திரும்பக் கட்டக்கூடாதுன்னு. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

என் கையில் இருந்த இட்லித் துண்டு அப்படியே நின்றது. "ஏன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேனே. அவரு பொய் சொல்லல, எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்னா." மாமியார் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். "சாமிய ரெண்டு தடவ தள்ளிட்டு ஒங்கள எடுத்திருக்கா. கொஞ்சம் மொகம் குடுத்துப் பேசுங்க மாப்பிள."

அதற்குப் பிறகு நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. இத்தனை மாதமாக நான் சுமந்த வெட்கம் வேறு, அப்போது வந்தது வேறு. வலுவில்லாதவன் என்று இரக்கப்பட்டு எடுத்தாள் என்று நானாகவே முடிவுகட்டி, அதற்காக அவளிடமே முகத்தைத் திருப்பியிருந்தேன். ஒருத்திக்கு என்னைப் பிடித்திருக்கலாம் என்பது என் புத்தியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஆசைப்பட்டு வந்தவளை நான் தர்மம் போட வந்தவளாக்கி வைத்திருந்தேன். தட்டில் ஆமை பாடிய அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்ததில்லை.

கையைக் கழுவிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். புதுச்சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் அவளுடைய பெட்டி. கட்டைவிரல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. தலையில் மஞ்சள் செவ்வந்தி வைத்திருந்தாள். அது தற்செயல்தான், தீபாவளிக்கு அந்த ஊர்ச் சந்தையில் செவ்வந்திதான் மலிவாகக் கிடைக்கும்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"எத்தன தடவ மொதல்லேருந்து ஆரம்பிச்ச?" என்றேன்.

அவள் விரல் நின்றது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தன் அம்மா என்ன பேசியிருப்பார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"எத? கேமயா?"

"ம்."

"கேம் ஒரு தடவதான்."

படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கையிலிருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.